நடக்காத விபத்துக்கு ஒரு சீட்டு

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், நடந்த விபத்தை எழுதுவது சுலபம். நடக்காமல் போன விபத்தை எழுதச் சொல்லும்போதுதான் பேனா நகராது.

ஜப்பானில் அந்தச் சீட்டுக்கு 'ஹியாரி ஹத்தோ' என்று பெயர். சில்லென்றது, திக்கென்றது என்று அர்த்தம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கும் என்று தோன்றியதா? உடனே உட்கார்ந்து எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, கீழே உன் பெயர். இலங்கை மலையகத்தில், புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, செய்த தப்பையே கங்காணி கண்ணில் படாமல் மறைக்கக் கற்றுக்கொண்டு வளர்ந்தவள் நான். செய்யாத தப்பை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஐந்து வருடம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். இடுப்பு போனதும் திரும்பி வந்துவிட்டேன். இப்போது கண்டி டவுனில் ஒரு மாடி அறையில், அதே வேலைக்குப் போகக் காத்திருக்கும் ஆறு பெண்களுக்கு ஜப்பானிய மொழியும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு பேரில் ஒருத்தி என் சொந்தத் தங்கை நிர்மலா. வகுப்பில் என்னை 'சென்செய்', அதாவது டீச்சர், என்பாள், பஸ்ஸில் ஏறியதும் 'அக்கா'. நான் வேலை செய்த இல்லத்துக்கே இரண்டு முறை நேர்முகம் கொடுத்து இரண்டிலும் தோற்றவள். மூன்றாவதிலும் தோற்றால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுக்குத் தூக்கம் வந்தது. எனக்கு வரவில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும், போகிறவர்களை அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் இதைப் படித்தால் என் நிலைமை புரியும்.

நீலக் கோப்பை

நான் ஜப்பான் போன மூன்றாவது மாதம். விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்களுக்கு அங்கே தேநீரில் ஒரு மாவைக் கலந்து, கஞ்சிப் பதத்தில் கொடுப்பார்கள். தண்ணியாகக் கொடுத்தால் புரை ஏறி ஆளே போய்விடலாம். என் தட்டில் இரண்டு வெள்ளைக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில் கஞ்சித் தேநீர், மற்றதில் சாதாரணத் தேநீர். மாற்றி வைத்துவிட்டேன். விழுங்கக் கஷ்டப்படும் தாத்தா ஒருவர் சாதாரணத் தேநீரை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் பார்த்து, பாய்ந்து பிடுங்கினேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை.

கூட வேலை செய்த ஒருத்தி சீட்டை நீட்டினாள். தெரிந்த நாலு எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, விடுதிக்குப் போய் இரண்டு பையையும் கட்டிவைத்தேன். மறுநாள் மேலாளர் மொரிதா சான் கூப்பிட்டார். 'சான்' என்றால் நம் 'அம்மா', 'ஐயா' மாதிரி ஒரு மரியாதை. கையில் என் சீட்டு. ஊருக்குத் திருப்பி அனுப்ப டிக்கட் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எழுதியதற்கு நன்றி. நாளையிலிருந்து அவருக்கு நீலக் கோப்பை."

வாசலைப் பார்த்த சப்பாத்து

இனி கண்டி. ஜப்பானியர் வீட்டுக்குள் போகும்போது சப்பாத்தைக் கழற்றி, அதன் மூக்கு வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கழற்றுவதில் நமக்குப் பிரச்சினை இல்லை, பிறந்ததிலிருந்து கழற்றுகிறோம். திருப்புவதுதான் வராது. வகுப்பு வாசலில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு போட்டு, யாருடைய சப்பாத்து கிடந்தாலும் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

ஒரு நாள் குண்டசாலையிலிருந்து, ஆறு பேரில் ஒருத்தியான ரிஸ்னாவின் வாப்பா வந்தார். டவுனில் டைல் கடை வைத்திருப்பவர். மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண வந்திருந்தார். அங்கே தொழ இடம் இருக்குமா, சாப்பாட்டில் என்ன போடுவார்கள் என்று கேட்கப் பெரிய பட்டியலே வைத்திருந்தார். அவர் கதிரையில் உட்காருவதற்குள் நிர்மலா ஓடிப்போய் அவருடைய சப்பாத்தை அழகாகத் திருப்பி வைத்துவிட்டாள். அவர் அதைப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு மாணவி போனால் வகுப்பே ஆட்டம் கண்டுவிடும், எனக்கு வியர்த்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்: "என்ன டீச்சர், நான் இன்னும் வாயே தொறக்கல்ல, அதுக்குள்ள வெளிய போற பக்கம் திருப்பி வெச்சீக்கீங்க?"

தாமதத்துக்குத் துண்டு

ஜப்பானில் ரயில் பிந்தினால் ஸ்டேஷனில் ஒரு துண்டு கொடுப்பார்கள், 'இத்தனை நிமிடம் பிந்தியது, பயணி மேல் தப்பில்லை' என்று. இதை வகுப்பில் சொன்னது என் தப்பு.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு, எங்கள் பெண்களைத் தன் இல்லத்துக்கு எடுக்கும் மொரிதா சான் ஜப்பானிலிருந்து வீடியோவில் வகுப்பைப் பார்க்க வந்தார். ஐந்து பேர் நேராக உட்கார்ந்திருந்தார்கள். ரிஸ்னாவின் கதிரை காலி. "இன்னொருவர் எங்கே?" என்று கேட்டார். "படியேறி வந்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து தானாக வந்தது. அப்போது அவள் பஸ் ஏரிக்கரைப் பக்கம்கூட வந்திருக்காது. படி ஏற ஒருத்திக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இருபது நிமிடம் கழித்து ரிஸ்னா மூச்சு வாங்க வந்தாள். கொண்டக்டரிடம் துண்டு கேட்டாளாம். அவர் தமிழ் பேசும் சிங்களவர், தன்மையாகத்தான் பதில் சொன்னாராம்: "தங்கச்சி, பிந்தின நேரமெல்லாம் நான் எழுதிக் குடுத்தா டிக்கட் எழுத எனக்குப் புத்தகம் மிஞ்சாது."

வெறும் கொப்பி

முதல் வாரமே மேசையில் ஒரு கொப்பியை வைத்து, மேலே 'திக்கென்றது' என்று எழுதினேன். பயிற்சியில் எது திக்கென்றாலும் அதில் எழுத வேண்டும். ஒரு மாதம் போயிற்று. கொப்பி புதுசாகவே இருந்தது. ஒருத்தியும் தொடவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். நிர்மலாதான் பஸ்ஸில் உடைத்துச் சொன்னாள்: "எழுதிக் குடுத்தா அது நம்ம தலையிலதான்க்கா வந்து விழும். நாளைக்கி ஒண்ணுன்னா மொதல்ல அந்தக் கொப்பியத்தான தூக்குவாங்க?"

நீலக் கோப்பைக் கதையை அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அது ஜப்பான், இது கண்டி என்பாள். மாதக் கடைசியில் மொரிதா சான் கொப்பியைக் காட்டச் சொன்னார். வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கமெராவுக்கு முன்னால் புரட்டினேன். நல்ல பிள்ளைகள் என்று பாராட்டுவார் என உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது."

ரேடியோ

சனிக்கிழமைகளில் அம்பிட்டியவில் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சி. எங்கள் வீட்டுக்குக் கிட்ட. அங்கே பத்மாவதி அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கால் வராது, வாய் நன்றாக வரும்.

ஜப்பானிய முறையில் முதியவரைத் தொடும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். 'இப்போது கையைத் தூக்குகிறேன். இப்போது நாற்காலிக்குப் பிரேக் போடுகிறேன். இப்போது எழுப்புகிறேன்.' சொல்வது அவர்களுக்காக மட்டுமில்லை. வாயால் சொன்னால் கை மறக்காது. நிர்மலா மனப்பாடமாக ஒப்பித்தாள். பத்மாவதி அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "பிள்ளை, இது என்ர கை. நீ தூக்கப் போறாய் எண்டு எனக்குத் தெரியும். ரேடியோ மாதிரி ஏன் அறிவிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

பிரேக்

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிர்மலாவுக்கு வெட்கம். அடுத்த சனிக்கிழமை, நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவள் வாயே திறக்காமல் வேலையைச் செய்தாள். நான் கதவடியில் நின்று பிள்ளைகளின் வரவு போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து பத்மாவதி அம்மாவை எழுப்பி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்கப் போனாள். அந்தக் கட்டிடமும் மலையில்தான் நிற்கிறது, தரை லேசாகச் சரிவு. நாற்காலி பின்னால் நழுவியது. பிரேக் போடவில்லை.

பத்மாவதி அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நிர்மலா முழங்காலில் விழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு வினாடி இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. நிர்மலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். நான் குனிந்து வரவு போடத் தொடங்கினேன். ஆறு பேரில் வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கொப்பியைக் கையில் கொடுத்திருப்பேன். இது என் தங்கை, நேர்முகம் திங்கட்கிழமை. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பத்மாவதி அம்மா மூச்சு வந்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "டீச்சர், ரேடியோ இண்டைக்கு ஏன் நிண்டுபோச்சுது?"

ஈரத் தரை

அன்று வீடு போகும் வழியில் நிர்மலா என்னை அக்கா என்றும் கூப்பிடவில்லை, சென்செய் என்றும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் வீட்டைக் கூட்டினோம், துடைத்தோம்.

நேர்முகத்தில் மொரிதா சான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'கடைசியாக எப்போது திக்கென்றது?' அதற்கு ஒரு பதிலை நானே எழுதி, ஆறு பேருக்கும் பாடம் பண்ணக் கொடுத்திருந்தேன். தரை ஈரமாக இருந்தது, கவனித்தேன், துடைத்தேன். யாருக்கும் பாதகமில்லாத பதில். திங்கட்கிழமை கமெராவுக்கு முன்னால் முதல் பெண் அதைச் சொன்னாள். இரண்டாவது பெண்ணும் சொன்னாள். ரிஸ்னாவும் சொன்னாள். ஐந்தாவது ஆளின் தரையும் ஈரமானபோது மொரிதா சான், "கண்டியில் இவ்வளவு மழையா?" என்று கேட்டார். கமெராவுக்குப் பக்கத்தில் நின்ற நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறாவது நிர்மலா. "பிரேக் போடவில்லை" என்று ஆரம்பித்தாள். சுமாரான ஜப்பானிய மொழியில், தடுக்கித் தடுக்கி, எல்லாவற்றையும் சொன்னாள். சரிவு, நாற்காலி, ஜன்னல் கம்பி. காரணம் என்ன என்று அவர் கேட்க, "சொல்லிச் செய்வதை வெட்கத்தில் நிறுத்திவிட்டேன்" என்றாள். யாராவது பார்த்தார்களா? நிர்மலா என் பக்கம் திரும்பவில்லை. "சென்செய் பார்த்தார்." சீட்டு? "இருவரும் எழுதவில்லை." போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் மேல் கோபம்கூட வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மொரிதா சான் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். நீலக் கோப்பை நாளில் பார்த்த அதே பார்வை. "நிர்மலா சான் சொல்லிவிட்டார், அவருக்கு நன்றி. சென்செய், உங்கள் சீட்டு எனக்கு இன்னும் வரவில்லை."

சிவப்பு நாடா

எழுதினேன். நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் எழுதினேன். 'ஏன் நடந்தது' என்ற இடத்தில் 'அவள் என் தங்கை' என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரமே கொப்பியில் ஏழு பக்கம் நிரம்பிவிட்டது. ரிஸ்னா மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அதில் ஒன்று, தன் வாப்பாவின் சப்பாத்தைப் பற்றி.

வியாழக்கிழமை முடிவு வந்தது. மூன்று பேரை எடுத்திருந்தார்கள். நிர்மலா பெயர் முதலில். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். சனிக்கிழமை இரண்டு பேரும் பத்மாவதி அம்மாவின் நாற்காலிப் பிரேக்கில், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினோம். பிறகு நான் அவர் முன்னால் ஜப்பானிய முறையில் இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மன்னிப்பு கிடக்கட்டும் டீச்சர். முதல்ல அந்த ரேடியோவைப் போடச் சொல்லுங்கோ."

ஆக, பிரேக் போட மறந்தவள் ஜப்பானுக்குப் போகிறாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவள் கண்டியில் உட்கார்ந்து, அடுத்த ஆறு பேருக்கு உண்மையை எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.