ஒன்பது கேள்விக்குறிகள்

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அவள் வேலை பார்க்கும் அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் அவள் லிப்ட்காரம்மா. லிப்ட் நின்றுபோனால் மற்ற மெக்கானிக்குகள் நேரே மொட்டைமாடியில் உள்ள மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். அவள் ஓடமாட்டாள். படியேறி, மாடிக்கு மாடி நின்று, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்ப்பாள். பத்துக்கு ஏழு தடவை, ஏதாவது ஒரு கதவின் இடுக்கில் கிடக்கும் சட்டைப் பொத்தானோ பென்சில் துண்டோதான் லிப்டை நிறுத்தியிருக்கும். சந்தேகப்பட்டதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவாள். பிடித்தால் உடும்புப்பிடி.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தெட்டு வருடம் ஓட்டியும் ஒரு கீறல் விழாத ஆள். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். அண்ணி பதறாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. குழறிய பேச்சு ஒரு வாரத்தில் தெளிந்தது, கால் இரண்டு மாதத்தில் திரும்பியது. இடது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

பிசியோதெரபி நிலையத்தில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் இருநூறு தடவை அமுக்கச் சொன்னார்கள். அண்ணன் அதைச் சோபாவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்றார். அண்ணி இன்னொன்று வாங்கினாள். அதுவும் தொலைந்தது.

பிசியோதெரபி டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. லிப்ட்காரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பந்து பிடிக்கலன்னா விட்டுடுங்க. அவருக்குப் பிடிச்ச வேலை எதையாவது அந்தக் கைக்குக் கொடுங்க. விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கேட்டாள். "அண்ணாவுக்கு என்னதான் பிடிக்கும்?"

"பஸ்ஸை விட்டா வேற என்ன தெரியும் உங்க அண்ணனுக்கு? சமையலறைக்குள்ள வந்தாக்கூட ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளிய போவாரு."

அண்ணி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு லிப்ட்காரம்மாவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினாள். பஸ் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்று இருந்தது. நிறுத்தங்கள், சிக்னல்கள், டிக்கெட் எடுக்கும் பயணிகள், எல்லாம் அச்சு அசல். ஸ்டியரிங்கும் பிரேக்கும் விசைப்பலகையின் வலது பக்கத்து அம்புக்குறிகளில். கதவு, ஹாரன், இண்டிகேட்டர், கியர் எல்லாம் இடது பக்கத்து எழுத்துகளில். இடது கைக்கென்றே யாரோ செய்துவைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அது விண்டோஸுக்கான விளையாட்டு. அவளிடம் இருந்ததோ, ஓர் அலுவலகம் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய கணினி. புது விண்டோஸ் அதில் ஏறாது என்பதால் அவளே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, திரை முழுவதும் தமிழில் வரும்படி அமைத்து, நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வழி இருக்குண்ணா" என்றாள். "வைன்னு ஒரு சாப்ட்வேர். விண்டோஸ் பாஷையில விளையாட்டு கேக்கறதை லினக்ஸுக்குப் புரியற மாதிரி சொல்லும். விளையாட்டுக்கு, தான் வேற வீட்ல இருக்கோம்னே தெரியாது."

"என்னது, ஒயினா? டாக்டர் அதெல்லாம் கூடாதுன்னு சொல்லியிருக்காரே." உடம்பு விழுந்த பிறகு அண்ணன் அடித்த முதல் ஜோக் அது. அடுப்பங்கரையில் இருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வைனை ஏற்றினாள். 'அண்ணன்பஸ்' என்று ஒரு கோப்புறை திறந்து, விளையாட்டை அதில் நிறுவினாள். தட்டியதும் திரையில் சிவப்பு பஸ் வந்தது, பாட்டு வந்தது, 'ஓட்டு' என்ற பொத்தானும் வந்தது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்றார் அண்ணன்.

"ஆகும். கொஞ்சம் பொறு."

அந்தக் 'கொஞ்சம்' மூன்று வாரம் ஆயிற்று. வைனில் வேறு பதிப்பைப் போட்டாள். திரையை இயக்கும் மென்பொருளை மாற்றினாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள், மாற்றியதை நோட்டில் எழுதுவாள், பலிக்கவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை இதே பாடு. அண்ணன் முதல் வாரம் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் வாரம் வாசலிலிருந்தே, "ஆச்சா பாப்பா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் கேட்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவளைச் சுட்டது. ஆசை காட்டி மோசம் பண்ணிவிட்டோமோ என்று இருந்தது.

இப்படி விளையாட்டுகளை ஓட்டிப் பார்ப்பவர்கள் கூடும் இணையதளம் ஒன்று இருந்தது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதிப் போட்டாள். 'தவளை' என்ற பொருள் வரும் புனைபெயரில், எந்தத் தேசமோ தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: அதே விளையாட்டு, அதே வைன் பதிப்பு, ஏறக்குறைய அதே பழைய கணினி, தன்னிடம் நன்றாக ஓடுகிறது என்று.

வேறு யாராக இருந்தாலும் இதைப் படித்து எரிச்சல் பட்டிருப்பார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்தது. அங்கே ஓடுகிறது என்றால் இங்கேயும் ஓடியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எது வேறு என்பதுதான் கேள்வி. விளையாட்டு ஓடும்போது வைன் எழுதிவைக்கும் பதிவை இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான வரிகள். அவள் ஒரு அட்டையை வைத்து வரிவரியாக மறைத்து ஒப்பிட்டாள்.

நடுவில் ஓரிடத்தில், சாலைப் படங்கள் இருக்கும் கோப்புறையை விளையாட்டு தேடிப் போயிருந்தது. தவளையின் பதிவில் அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அவளுடையதில் வெறும் கேள்விக்குறிகள். எண்ணினாள். ஒன்பது.

'அண்ணன்பஸ்' என்று ஒரு தாளில் எழுதி எண்ணினாள். ஆறு எழுத்துதான். ஆறுக்கும் ஒன்பதுக்கும் என்ன சம்பந்தம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புள்ளிகளை எண்ணினாள். ண் ஒன்று, ன் ஒன்று, ஸ் ஒன்று. மூன்று புள்ளி. கணினிக்குப் புள்ளியும் தனிக் கணக்கு. ஆறும் மூன்றும் ஒன்பது.

விளையாட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. தான் குடியிருக்கும் கோப்புறையின் பெயரையே வாசிக்கத் தெரியாமல், எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, இல்லாத தெருவில் சாலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. வைன் பேரில் குற்றமில்லை, கணினி பேரிலும் குற்றமில்லை. கோப்புறையின் பெயரை அழித்துவிட்டு, பஸ் என்று ஆங்கில எழுத்து மூன்றில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுத்தது. பிறகு விடிந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு தெரு, நிறுத்தத்தில் நான்கு பேர், முன்னால் வைப்பர் அசையும் கண்ணாடி.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். "டியூட்டிக்கு வா."

அண்ணன் வந்தார். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முதலில் பக்கக் கண்ணாடி எங்கே என்றுதான் கேட்டார். வலது கையால் வண்டியை எடுத்து, வளைத்து, நிறுத்தத்தில் ஒரு சாண் பிசகாமல் நிறுத்தினார். அந்த நிறுத்தம் சரிவில் இருந்தது. வலது கை பிரேக்கை விட்டால் பஸ் உருளும். கதவைத் திறக்க இடது பக்கத்துப் பொத்தான். பயணிகள் நான்கு பேரும் மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மாளின் கையில் குழந்தை வேறு.

அண்ணன் இடது கையைப் பார்த்தார். தோளிலிருந்து தூக்கி விசைப்பலகை மேல் கொண்டுவந்து போட்டார். விரல் அசையவில்லை. நெற்றியில் வியர்த்தது. அண்ணி உதவப் போனாள். லிப்ட்காரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரும்மா, இரு" என்றார் அண்ணன், திரையில் இருந்த பயணியிடம். "திறக்கிறேன்."

ஆட்காட்டி விரல் நடுங்கியது, தவறிப்போய் ஹாரனை அமுக்கியது, மறுபடி நகர்ந்தது. கதவு உஸ்ஸென்று திறந்தது. குழந்தைக்காரி முதலில் ஏறினாள்.

அண்ணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "முன்னால போங்க, முன்னால போங்க. உள்ளே எடம் இருக்கு."

அதன்பிறகு தினமும் காலையில் இரண்டு நடை. ரப்பர் பந்தை இருபது தடவை அமுக்காதவர், ஒரு நடைக்கு அறுபது தடவை கதவைத் திறந்து மூடினார். நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் ஒரு நாள் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தார். அண்ணி அதைத் திருத்தவில்லை.

லிப்ட்காரம்மா கண்டுபிடித்ததை இணையதளத்தில் எழுதினாள். தவளை, அந்த ஒன்பது எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எழுதினாள். விளையாட்டைச் செய்தவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டாள். அவர்கள் மொத்தமே இரண்டு பேர்தானாம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பின் திருத்தப் பட்டியலில், எந்த மொழியில் பெயர் வைத்த கோப்புறையிலிருந்தும் இனி ஓடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

பஸ் ஓட்டும் உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். பணிமனையில் நேர அட்டவணை போடும் பிரிவில் உட்காரவைத்தார்கள். எந்தத் திருப்பத்தில் எத்தனை நிமிடம் போகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்.

பிசியோதெரபி டாக்டர் விஷயம் கேள்விப்பட்டு, நிலையத்தில் சும்மா கிடந்த இரண்டு கணினிகளைக் காட்டினாள். இப்போது லிப்ட்காரம்மா சனிக்கிழமை மதியங்களில் அங்கே இருக்கிறாள். வலது கை விழுந்துபோன தையல்காரர் ஒருவர் மீன் பிடிக்கும் விளையாட்டு வேண்டுமென்று கேட்டிருக்கிறார். படம் வந்துவிட்டது, தூண்டிலும் ஆடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

"சத்தம் இல்லன்னா பரவாயில்லைங்க" என்றார் தையல்காரர். "மீன் என்ன பேசவா போகுது?"

"தண்ணி பேசுமே" என்று சொல்லிவிட்டு அவள் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.