தட்டாமல் விட்ட இடம்

இயர்போன் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலை நேரம். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தேன். போன் தானாக ஒரு பழைய ஹிப்ஹாப் பாட்டுக்குத் தாவியது. ஒரு டிரம், ஒரு குரல். அவ்வளவுதான். வேறு எதுவும் வரக் காணோம். கொஞ்ச நேரத்தில் அந்த டிரம்மும் நின்றது, குரலும் நின்றது. வயரைத் திருகினேன். போனிலிருந்து பிடுங்கப் போன கை ஏனோ பாதியில் நின்றது.

அப்போது விழுந்தது அடுத்த அடி. கிரேன் கண்டெய்னரை டிரெய்லரில் வைக்கும்போது தரை உள்ளங்காலில் பேசும் இல்லையா, அப்படி.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அக்கா, "இன்னாமே, ரிப்பேரா?" என்றார்.

"இல்லக்கா, வேணும்னே பண்ணிக்கீறான்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதுதான் புரிந்தது. என் தோழி எழுதிய பாட்டு ஒன்றுக்கு நான் இசை அமைக்க வேண்டியிருந்தது, அதையும் இப்படித்தான் செய்ய வேண்டும். எதையும் சேர்க்காமல்.

அந்தப் பாட்டின் ஒலியை அமைத்துத் தயாரித்தவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இசை தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் பின்னாளில் செய்ததுதான் பெரிது என்பார்கள். இருக்கட்டும். எனக்கு அவருடைய ஆரம்பகால வேலைதான் வேண்டும். அதைத் தேடித் தேடிக் கேட்டேன். திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றின் அலுவலகத்தில், எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வரும் பெட்டி போகும் பெட்டியின் எண்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை எனக்கு. கை ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருக்கும், காது அவரிடம் இருக்கும்.

அவர் என்ன செய்தார் என்று கேட்டால், என்ன செய்யவில்லை என்றுதான் சொல்ல வருகிறது. முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் ராப் பேச்சை வெட்டி, திரும்பித் திரும்பி வரும் ஒரு வரியைச் சுற்றிக் கட்டினார். கிடார் வரும், அறைந்துவிட்டுப் போய்விடும், நின்று பேசாது. குரலுக்கு எதிரொலி கிடையாது. பாத்ரூமில் பாடினால் யார் குரலும்தான் நன்றாக இருக்கும். இவர் குரலைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துகிறார். நிற்க முடிந்த குரல் நிற்கிறது.

என் பழக்கம் இதற்கு நேர் எதிர். லேப்டாப்பில் சும்மா கிடைக்கிற ஒலிகளை எல்லாம் இறக்கிவைத்து, புல்லாங்குழல், வயலின், தவில், விசில் என்று கல்யாண இலையில் பரிமாறுவதுபோல ஒரு மூலையும் காலி தெரியாமல் நிரப்புவேன். கேட்டவர்கள் "சூப்பர்" என்பார்கள். அடுத்த நிமிடம் அவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

தோழி எண்ணூர் குப்பத்துக்காரி. கல்லூரியில் எனக்கு அடுத்த பெஞ்சு. இப்போது திருவொற்றியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறாள். அவள் எழுதியது ஒரே பாட்டு. அதில் இப்படி வரும்:

கொடியில துணிய போட்டேன்
சாம்பலு காயுது
இன்னா வேணும்னு கேக்காத
இன்னா கீதுன்னு கேளு

அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய வரிகள். இதற்குப் புல்லாங்குழல் ஒரு கேடா?

அவள் வீட்டிலேயே குரலைப் பதிவு செய்தேன். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, டிரம்மும் குரலும் மட்டும் வைத்து, "கேளு" என்ற சொல்லுக்குப் பின்னால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தாளத்தின் ஒரு சுற்று முழுக்க எதுவும் இல்லை. அப்புறம் அடி. மெடிக்கல் ஷாப்பின் பின்கட்டில், அட்டைப்பெட்டிகள் நடுவில் நின்றபடி அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"இன்னாடி இது, சோத்த போட்டுட்டு கொழம்பு எடுத்தாரப் போய்ட்டியா?"

"இதான் பாட்டு."

"அப்ப மீதி?"

"மீதி இல்ல. கேக்கறவங்க ரொப்பிப்பாங்க."

"அவங்க இன்னாத்துக்கு ரொப்பணும்? ஒனக்கு சோம்பேறித்தனம்னு சொல்லேன்."

அவளிடம் வேறொரு அழைப்பும் இருந்தது. வடபழனியில் ஒரு ஸ்டுடியோ. அவளுடைய அண்ணனுக்குத் தெரிந்தவர். பாட்டைக் கொடுத்தால் முழு இசையும் சேர்த்து, வீடியோவும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மழைச் சத்தம்கூடப் போடுவாராம். எண்ணூரில் துணியில் சாம்பல் விழுகிற பாட்டுக்கு மழைச் சத்தம். ஆனால் பாட்டு அவளுடையது. ஒரே பாட்டை வைத்திருப்பவள் அதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கத்தான் செய்வாள்.

அவளே ஒரு வழி சொன்னாள். "வியாசர்பாடில ஃபுட்பால் ஃபைனல் நடக்கப் போவுது. மேட்சுக்கு முன்னாடி பாட்டு போடுவாங்க. நம்மள்தயும் போடச் சொல்லலாம். யாரு பாடுனதுன்னு சொல்ல வாணாம். ஜனம் காது குடுத்துச்சுன்னா பாட்டு ஒன்னுது. இல்லாட்டி வடபழனி."

நியாயமாகத்தான் பட்டது.

மைதானத்தில் சாயங்கால வெயில். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். சவுண்டு சர்வீஸ்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தோடு நின்றுகொண்டோம். முதல் அடி விழுந்ததுமே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இந்தப் பெட்டிகளுக்கென்றே அந்தத் தயாரிப்பாளர் கண்டுபிடித்த வழியோ இது என்று தோன்றியது. பந்தை உருட்டிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் அதே தாளத்துக்கு உருட்ட ஆரம்பித்தார்கள். "சாம்பலு காயுது" என்றபோது பஜ்ஜிக் கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "இன்னா கீதுன்னு கேளு." நிறுத்தம். மைதானமே தலையைத் தூக்கியது. சத்தியமாகத் தூக்கியது, நான் பார்த்தேன்.

அடுத்த நொடி பெட்டிகளிலிருந்து கெட்டிமேளம் கொட்டியது.

நாதஸ்வரம், தவில், முழுக் கல்யாணம். கூட்டம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் வெடித்துச் சிரித்தது. "பொண்ணு யாருபா? மாப்ள கோல்கீப்பரா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். கோல்கீப்பர் கையுறையோடு கும்பிடு போட்டான். அட்சதைக்குப் பதிலாகப் புல்லைப் பிடுங்கி அவன்மேல் போட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சவுண்டு சர்வீஸ்காரர்களுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. காதுகுத்தோ, சாவோ, கட்சிக் கூட்டமோ, எடுத்த வேலை முடியும்வரை பெட்டி ஊமையாகக் கூடாது. ஊமையானால் வயர் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம், கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்க்கும். அதைவிட அவமானம் அந்தத் தொழிலில் இல்லை. அதனால் இன்னொரு போனில் ஏதாவது ஒரு பாட்டு எப்போதும் தயாராக இருக்கும். அவருக்கு முந்தின நாள் கல்யாண வேலையாம், போனில் அதுவே இருந்திருக்கிறது. கல்மண்டபம் பகுதியில் பிறந்து, தெருவுக்குத் தெரு இந்தப் பெட்டிகளின் சத்தத்தில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எங்கோ தூரதேசத்துத் தயாரிப்பாளரின் நிறுத்தங்களை யோசித்த நேரத்தில் இதை யோசிக்கவில்லை.

அவரிடம் ஓடினேன். "அண்ணா, அது பாட்டுலயே வர்ற கேப்பு."

"பாட்டுல இன்னாத்துக்குமா கேப்பு?"

"வேணும்னேதான் வுட்டேன்."

"வுடறது வுடற, ஒரு வார்த்த சொல்லிட்டு வுடக் கூடாது? பெட்டி பூட்ச்சோன்னு பேஜாராயிட்டேன் நானு."

தோழி என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நிழற்குடையில் உட்கார்ந்த பிறகு, "கெட்டிமேளம் கொட்டியாச்சு. தாலி எங்கடி?" என்றாள்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, கவனிச்சியா? நிறுத்துன எடத்துல."

"பெட்டி புட்டுகிச்சுன்னு திரும்புனானுங்க."

"இன்னொரு தபா குடு."

"எதுக்கு, வளைகாப்புக்கா?" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நான் வடபழனிக்கு வெள்ளிக்கெழம வரேன்னு சொல்லிட்டேன்டி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கு இன்னும் நாள் இருந்தது. யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் தயாரிப்பாளருடைய அந்தப் பழைய பாட்டை மறுபடி எடுத்தேன். ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு ஆட்டோவில் எனக்கும் வயர் போய்விட்டது என்றுதானே தோன்றியது. அப்புறம் ஏன் என் கை பிடுங்காமல் நின்றது? நிறுத்தம் வரும் இடத்தில் மட்டும் சத்தத்தை முழுக்கத் திறந்துவைத்துக் கேட்டேன். திரும்பக் கேட்டேன். அங்கே காலி இல்லை. முந்தைய அடியின் வால் தேய்ந்துகொண்டே போகிறது. அதற்கடியில் அறையின் மெல்லிய இரைச்சல். கடைசியில், அடுத்த வரிக்காக ஒருவன் மூச்சை இழுக்கிறான். அவர் தாளத்தைத்தான் நிறுத்தியிருக்கிறார். ஆளை அங்கிருந்து அனுப்பிவிடவில்லை.

என் பாட்டைத் திறந்து பார்த்தேன். "கேளு"வுக்குப் பின்னால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு. அங்கே ஒருவரும் இல்லை. சவுண்டு சர்வீஸ்காரர் வயர் என்று நினைத்ததில் என்ன தப்பு? அதை அப்படி ஆக்கியவள் நானேதான். அவள் வீட்டில் பதிவு செய்ததைக் கொண்டுவந்து, இரைச்சல் நீக்குகிற மென்பொருளில் போட்டு, ஸ்டுடியோ மாதிரி இருக்க வேண்டும் என்று துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

துடைக்காத பதிவு லேப்டாப்பில் அப்படியே இருந்தது. அதைத் திறந்து அந்த இடத்துக்குப் போனேன். அவள் மூச்சு. எங்கோ ஒரு பாத்திரம் தரையில் உரசும் சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், கனமாக, "ம்ம்ம்" என்று ஒன்று. முதலில் மைக்கின் கோளாறோ என்று பார்த்தேன். இல்லை. அது அனல்மின் நிலையம். அவள் எந்தச் சாம்பலைப் பற்றிப் பாடினாளோ, அதைக் கொட்டுகிற இடமே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன்.

டிரம்மைத் தொடவில்லை. குரலை மட்டும் பழையபடி வைத்தேன், நிறுத்தத்தில் அந்தப் பதிவின் சத்தத்தை அடைக்காமல் திறந்தே விட்டேன். வியாழக்கிழமை மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டுக்கு இழுத்துப் போய் இயர்போனை அவள் காதில் சொருகினேன். நிறுத்தம் வந்தது. அவள் புருவம் சுருங்கியது.

"இது இன்னா சத்தம்?"

"உங்க வூட்டு சத்தம்."

"எங்க வூட்ல ஏதுடி சத்தம்?" என்றவள் மறுபடி போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பொறந்ததுலருந்து கீது இது. நான் கேட்டதே இல்ல" என்றாள்.

கவுன்ட்டரில் யாரோ காசைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை.

"இப்பவும் கொழம்பு வரலதான்," என்றாள். "ஆனா சரி. வடபழனிக்கு திங்கக்கெழம சொல்றேன்னு போன் பண்றேன். நீ ஞாயித்துக்கெழம எங்க குப்பத்துல போடு. வியாசர்பாடிக்காரனுக்கு சாம்பலப் பத்தி இன்னா தெரியும்? எங்க ஆளுங்க நின்னாங்கன்னா பாட்டு ஒன்னுது. அவங்களும் சிரிச்சாங்கன்னா அப்பாலிக்கா ஏங்கிட்ட பேச்சே வச்சிக்காத."

"மழைச் சத்தம்?"

"வாய மூடு."

இதை எழுதுகிற இன்று சனிக்கிழமை. நாளைக்குப் படகுகள் திரும்பி, ஏலம் முடிந்து, சனம் மொத்தமும் கரையில் இருக்கிற நேரத்தில் போடுகிறோம். பெட்டிகளைக் கடலுக்கு முதுகு காட்டி, வீடுகளைப் பார்த்தபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சவுண்டு மிக்ஸருக்குப் பக்கத்தில் நானே உட்காரப் போகிறேன். கெட்டிமேளம் வராமல் பார்த்துக்கொள்ள என்னால் முடியும். மக்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ள முடியாது. ஊரே கேட்டுக் கேட்டுக் கேட்காமல் போன சத்தத்தைப் பெட்டியில் போட்டால் அவர்கள் காதில் விழுமா, அதுவும் தெரியாது. விழாவிட்டால் திங்கட்கிழமை பாட்டு வடபழனி போகிறது, மழை பெய்கிறது.

நேற்று ஒரு கணம் நிறுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாமா என்று விரல் போனது. தயாரிப்பாளருடைய பாட்டை இன்னொரு முறை கேட்டேன். குறைக்கவில்லை. முன்பு விட்டதற்கு இரண்டு பங்காக்கிவிட்டேன், அந்த "ம்ம்ம்" காதில் ஏற அவர்களுக்கு நேரம் வேண்டும். நாளைக்கு அது ஓடி முடிகிறவரை என் கை எந்தப் பொத்தானுக்கும் போகாது.