மதுரைக்குக் கொண்டுபோன மூன்று ஸ்வெட்டர்

மருத்துவமனை நடையில் என் மகள் மலர்விழி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் மடியில் அவளுடைய பை. அவளை அங்கேயே மனநல வார்டில் சேர்த்துவிட்டு வருவதென்று முடிவு கட்டித்தான் கொடைக்கானல் மலையிலுள்ள போளூரிலிருந்து மதுரைக்கு இறங்கியிருந்தேன்.

அவளுக்குப் பதினான்கு வயது. ஆறு மாதமாக எதைச் சொன்னாலும் சீறினாள். பள்ளிக்கு மட்டம் போட்டாள். போன வாரம் டிவியை உடைத்தாள். பூண்டு அறுவடை நேரம். நானும் பொறுமையிழந்து இரண்டு முறை கை ஓங்கினேன். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

டாக்டரம்மா முதலில் அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். தூங்குகிறாளா? தன்னைக் காயப்படுத்திக்கொண்டாளா? யாரையாவது அடித்தாளா?

"அதெல்லாம் இல்லீங்க. சாமானத்தான் போட்டு ஒடைக்கும் புள்ள."

"அப்போ வார்டு வேண்டாம். பிரச்சினை எவ்வளவோ, வைத்தியமும் அவ்வளவு போதும். புறநோயாளியா, எங்கயும் தங்காம, கொடைக்கானல்லயே வாரம் ஒரு நாள் கவுன்சலிங் போங்க, ரெண்டு பேரும். மோசமானா அன்னைக்கே இங்க சேர்த்துக்குவோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "பையெல்லாம் கட்டிட்டு வந்துட்டேங்க" என்று திறந்து காட்டினேன். மூன்று ஸ்வெட்டர், குல்லா, கம்பளி. மதுரை வெயிலில் மின்விசிறியே அனலடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அப்பாவுக்கு எல்லா ஊரும் குளுரும்னு நெனப்பு" என்றாள், வாசலில் வந்து நின்ற மலர். நாலு நாளில் என் காதுபட அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

உங்கள் பிள்ளைக்கு வார்டு தேவைப்படலாம்; அதில் தப்பில்லை. என் பிள்ளைக்குத் தேவைப்படவில்லை.

வியாழன்தோறும் கொடைக்கானல் போனோம். அவள் கத்தும்போது கையைத் தொங்கவிட்டு நிற்க எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லத்தான் எளிது. என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். ஒரு வியாழன் நன்றாகப் போகும், மறு வியாழன் பஸ்ஸிலேயே சண்டை.

மூன்று மாதம் கழித்து, அடுப்புக்கு மேலே புகையில் காய்ந்த பூண்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மலர் கீழே நின்று வாங்கினாள்.

"அப்பா, அந்தப் பைய ஏன் இன்னும் பிரிக்கல?"

கட்டிலுக்கடியில் அது கட்டியபடியே கிடந்தது. நான் மறந்தே போயிருந்தேன். இத்தனை நாளும் அவள் காலமான தன் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுத் திரிந்தது அப்போதுதான் உறைத்தது. என்றைக்கு அனுப்பிவிடுவேனோ என்று தினமும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இறங்கிவந்து பையைப் பிரித்தேன். ஒரு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள். அதன் கை ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டிருந்தது.

மணிக்கட்டருகே ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் கையை உதறவில்லை. என் விரல்களும் மடங்கவில்லை.