சப்டைட்டில் இல்லாத வங்காளப் படம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு பிற்பகல். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் திரைப்படக் கழகத்தின் முதல் காட்சி. கொலை, போலீஸ், கோர்ட்டு என்று போகும் பழைய கறுப்பு வெள்ளை வங்காளப் படம். "மொழி தெரியாத படத்துக்கு யாருங்க வருவாங்க?" என்று நண்பர்கள் தடுத்தும், ஒற்றைக்காலில் நின்று ஏற்பாடு செய்தவன் நான். கூட்டம் பாதியில் எழுந்து போனால் அன்றைக்கே கழகத்துக்கு மூடுவிழாதான்.

நாற்பது பேர் வந்துவிட்டார்கள். படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்க்கிறேன், திரையின் அடியில் எழுத்தே வரவில்லை! ஆங்கில சப்டைட்டிலை வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து நானே தமிழில் எழுதிய சப்டைட்டில், உக்கடத்தில் என் வீட்டுக் கணினியில் பத்திரமாக இருந்தது. பென்டிரைவில் படத்தை மட்டும் ஏற்றி வந்திருக்கிறேன். போய் வர இரண்டு மணி நேரம் ஆகும். மைக்கைப் பிடித்து நானே கதை சொல்லப் பார்த்தேன். வங்காளம் தெரியாததால், எந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்று பிடிபடாமல் முந்திப் பிந்தி உளறினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். வங்காளத்துக்காரர், பக்கத்து மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிறவர், நாற்பது வயதிருக்கும். பட்டறை வாசலில் நான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துக் கணவரோடு வந்திருந்தார்.

"ஏனுங்க, நான் சொல்லட்டுங்களா? சின்ன வயசுல நெறைய தடவ பாத்த படமுங்க."

கும்பிடாத குறையாக மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூட வேலை செய்யும் பெண்களிடம் கற்ற தமிழ். "பாவம், பண்ணையாரக் கொன்னுபோட்டாங்க பாருங்க" என்று அவர் சொன்ன பதவிசில் கூடம் சிரித்தது. பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றது. கொன்றது யார் என்று பொறுக்க முடியாமல் ஒருவர் கேட்டதற்கு, "அத இப்பச் சொல்லக்கூடாதுங்க" என்று அடக்கிவிட்டார். எழுந்து போக நினைத்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்கள்.

கடைசிக் காட்சி. கொன்றவன் தன் மகன்தான் என்பது ஒரு வயதான குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசத் தொடங்குகிறார். மைக்கில் சத்தமே இல்லை.

"என்னங்க சொல்றாரு?" என்று முன்வரிசை பதறியது. எனக்கு அந்த வசனம் மனப்பாடம். முந்திரிக்கொட்டையாக நான் வாயைத் திறந்தேன்.

அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாமுங்க. அவரு மூஞ்சியப் பாருங்க."

பார்த்தோம். மகன் பக்கம் திரும்பாமலிருக்க அந்தக் கண்கள் பட்ட பாடு, கூண்டுக் கட்டையை விடாத விரல்கள், சொல்ல வந்து சொல்ல முடியாமல் நின்ற உதடு. மகனைக் காட்டிக்கொடுக்கிறார் என்பது ஒரு வார்த்தை புரியாமலே அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. யாரோ "ஐயோ சாமி" என்றார்கள். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து, பின்பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கழகம் பிழைத்துக்கொண்டது. ஆனால், உலக சினிமா தெரிந்தவன் என்ற என் மிதப்பு பிழைக்கவில்லை. அதே படத்தை அதற்கு முன் ஆறு முறை அடியில் ஓடும் எழுத்தைப் படித்தபடியே பார்த்திருந்தும், அந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பதை நினைத்தால், இப்போதும் எனக்கு வெட்கத்தை விட வியப்புதான் அதிகம்.