கனவில் கேட்கச் சொன்ன கேள்வி

கனவு காணும்போதே அது கனவென்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் பேசாலைத் தேநீர்க் கடையில் நானும் றோசக்காவும் கடைக்காரரும் அவரவர் கனவுகளை எழுதிவைத்த கொப்பியை வாசிப்போம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊரூராய் வேலைக்கு அலைந்த நான், கனவில் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்பேன்.

றோசக்கா வாசித்தால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். கடலில் காணாமல் போன அவருடைய கணவர் கனவில் வருவார். அக்கா சோறு போடுவார், அவர் சாப்பிடுவார். வாரா வாரம் இதே கதை.

"இண்டைக்கு மீனோ, கருவாடோ?" என்று நக்கலடித்தேன். "கனவெண்டு தெரியுதெல்லோ அக்கா? என்ன நடந்தது எண்டு ஒருக்கா அவரிட்டயே கேளுங்கோவன்!"

"கேட்டால் போயிடுவார் தம்பி. சாப்பிடட்டும்."

"அப்ப என்னத்துக்கு இந்தக் கொப்பி?" என்று கத்தினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா கொப்பியைத் திறக்கவில்லை. "கேட்டனான். பாதிச் சோத்தோட எழும்பிப் போயிட்டார்."

"கனவுதானே, திரும்பி வருவார்" என்றேன்.

மாதங்கள் ஆகிவிட்டன, அவர் வரவில்லை. அக்கா மட்டும் தவறாமல் வந்து எங்கள் கனவுகளைக் கேட்கிறார். எனக்கு என்மேல்தான் ஆத்திரம். ஒரு மனிதர் தன் மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் எனக்கென்ன அவசரம்?