நூல் புடவை அறுத்த பங்காளி உறவு

வாரத்தில் ஆறு நாள் ஆரணி அரிசி மில்லில் கணக்கு எழுதுவேன். ஞாயிறானால் ஊரார் வம்சாவளி எழுதுவேன். எழுபதுகளில் எனக்குப் பிடித்திருந்த பைத்தியம் அது. "செத்தவங்களத் தேடிகினு சுத்துறாரு" என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு நாள் நெசவுக்காரர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவர் மகளும் அடுத்த தெருப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெற்றவர்களுக்கும் சம்மதம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டப்பெயர், ஒரே குலதெய்வம். நெசவுக்காரரின் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பங்காளிகள், பையன் பெண்ணுக்கு அண்ணன் முறை, கல்யாணம் கூடவே கூடாது என்றார். பெண் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

வெம்பாக்கம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். பூசாரிக்குத் தன் தாத்தா பெயரே தெரியவில்லை! திரும்பி வந்து நெசவுக்காரர் வீட்டுக் கூடத்தில், அவர் அண்ணனுக்கு எதிரே தாளை விரித்து உட்கார்ந்தேன்.

"பங்காளின்னா நல்லது கெட்டதுக்கு ஏங்க அந்த வீட்டுப் பக்கமே போறதில்ல?" என்று அண்ணனைச் சும்மா கேட்டுவைத்தேன்.

மனிதர் வெடித்தார். "எப்படிங்க போறது? எங்கப்பாவப் பெத்த ஆயா செத்தப்போ அந்த வீட்டுக்காரனுங்க என்னா கோடி கொண்டாந்தானுங்க தெரியுமா? நூல் புடவ! பட்டு நெய்யற ஊர்ல நூல் புடவ! சாவுற வரைக்கும் எங்கப்பா சொல்லிகினே இருந்தாரு!"

எனக்குப் பொறி தட்டியது. செத்தவளுக்குக் கோடிப் புடவை அவள் பிறந்த வீட்டிலிருந்துதானே வரும்? பங்காளி எதற்குக் கொண்டுவருகிறான்? அப்படியானால் அந்த ஆயா பையன் வீட்டில் பிறந்தவள்! அவள் புருஷன், இவர்களுடைய தாத்தா, அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய், பட்டப்பெயரையும் சாமியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டிருக்கிறார். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? எழுந்து நின்று கத்தியே விட்டேன்.

"பங்காளி இல்லீங்க, மாமன் மச்சான்!"

அண்ணன் என்னை முறைத்தார். பிறகு முணுமுணுத்தபடி விரல்விட்டு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஆமாங்க, சரியாத்தான் வருது" என்றார் சுரத்தில்லாமல்.

கதவோரம் நின்றிருந்த பெண் விறுவிறுவென்று வந்து, தாளில் பையன் பெயர்மேல் விரலை வைத்தாள். "அப்போ இவரு எனக்கு என்னா முறைங்க?"

"முறை மாப்பிள்ளைமா!"

"பெரியப்பா காதுல விழற மாதிரி சத்தமா சொல்லுங்க" என்றாள்.