எடை மேடைக்கு வாங்கிய மதர்போர்டு

அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கனகம்மாசத்திரத்தில் லாரி எடை மேடை வைத்திருக்கிறார். ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள், மின்னலில் அவருடைய கம்ப்யூட்டர் போய்விட்டது. எடை தெரியும், சீட்டு வராது. கையால் எழுதிய சீட்டை மண்டியில் யாரும் ஏற்பதில்லை. லாரிகள் அடுத்த மேடைக்குப் போகத் தொடங்கின. பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்று கூட்டித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

எடைக் கருவியின் வயர், முன்பெல்லாம் கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருந்த காம் போர்ட் என்ற துளையில்தான் சேரும். யூ.எஸ்.பி.க்கு மாற்றிப் பார்த்தோம், எண் குதித்தது. இப்போதைய மதர்போர்டுகளில் அந்த போர்ட் வெளியே இருப்பதில்லை. உள்ளே ஓரமாக ஊசிகள் இருந்தால் அதிலிருந்து வயர் இழுக்கலாம். ஒரு மாடலின் கையேட்டை முழுவதும் படித்து, ஊசிகள் இருக்கும் பக்கத்தைக் குறித்துக்கொண்டு திருத்தணிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒரே மாடல், ஒரே விலை. ஒன்றின் ஓரத்தில் 1.0, மற்றதில் 2.0.

"ரெண்டும் ஒண்ணுதாங்க சார். எத்த வேணா எடுத்துகினு போங்க."

புத்தகமானாலும் திருத்திய பதிப்பு இருக்கும்போது முதல் பதிப்பை நான் வாங்குவதில்லை. 2.0-ஐ எடுத்தேன்.

மேடை அறையில் பிரித்தால், ஊசிகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள். நான் படித்தது 1.0-க்கான கையேடு. அது வெளியான தேதியைக்கூடக் குறித்திருந்தேன், எந்தப் பதிப்புக்கு என்று பார்க்கவில்லை.

"இன்னா மச்சான், தேடிகினே கீற?"

"ஊசி இல்ல பாவா."

"ஊருல எவன் எப்ப பொறந்தான்னு நோட்ல எழுதி வச்சிகினு கீற. இது கண்ணுல படலியா?"

நெல் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஆவுமா, ஆவாதா?"

"ஆவாது, போ," என்றார் பாவா. லாரி போய்விட்டது.

திரும்பவும் திருத்தணி பஸ். புத்தகத்தைத் திருத்துகிறவர் பெரும்பாலும் எதையாவது சேர்க்கிறார். போர்டைத் திருத்துகிறவர் பலருக்கும் தேவைப்படாததை எடுத்துவிடுகிறார். அந்தப் பலரில் பாவா இல்லை. கடைக்காரர் சொன்னது அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உண்மைதான்.

"ஆங், மாத்திக்கலாங்க. ஆனா அது பழசு சார்."

"பழசுதான் வேணும்."

நாலரை மணிக்கு வயரை மாட்டினேன். செங்கல் லாரி ஒன்று மேடையேறியது. திரையில் எண் ஓடித் தடுமாறி நின்றது. பாவா சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினார். பின்னால் நின்ற வண்டியை ஏறச் சொல்லிக் கையசைத்தார்.